கையில் இருப்பது எந்தச் செடி? ஃபார்மகாக்னசிக்குப் புதிதாக வரும் மாணவர்களின் கேள்விகள்

பி.ஃபார்ம் படிப்பில் நாலாவது செமஸ்டரில் ஃபார்மகாக்னசி, அதாவது இயற்கையிலிருந்து வரும் மருந்துப் பொருள்களை அறியும் பாடம், வந்து நிற்கும். ஐந்தாவதில் இரண்டாம் பாகம், ஆறாவதில் மூலிகை மருந்துத் தொழில்நுட்பம். டி.ஃபார்ம் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டு, லேப் முடிந்து கை கழுவும்போது மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபார்மகாக்னசி என்றால் சித்த மருத்துவப் பாடமா?

இல்லை. சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து எந்த மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். நம் வேலை அந்த மருந்துக்குள் போகும் பொருளைப் பற்றியது. இது எந்தச் செடி, செடியில் எந்தப் பாகம், எப்போது பறித்தது, சரியாகக் காய்ந்ததா, உள்ளே என்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது, கலப்படம் உண்டா? சித்த மருந்துக்கும் இதே கேள்விகள்தான், அலோபதி மாத்திரைக்குப் போகும் சாறுக்கும் இதே கேள்விகள்தான்.

பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஃபார்மகான்', 'னோசிஸ்' என்ற இரண்டு சொற்கள். பின்னதற்கு அறிவு என்று பொருள். முன்னதற்கு மருந்து என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். வியன்னாவில் ஸ்மிட் என்பவர் 1811-ல் இந்தச் சொல்லை எழுதினார், 1815-ல் செய்ட்லர் தன் நூல் தலைப்பில் வைத்தார். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். மறந்தாலும் நஷ்டமில்லை, நஞ்சு என்ற பொருளை மட்டும் மறக்காதீர்கள்.

நான் மாத்திரைகளோடு வேலை செய்யப் போகிறேன். செடிகொடி எனக்கு எதற்கு?

மருந்துக்கடை அலமாரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சென்னோசைடு மாத்திரை நம் தென்மாவட்டக் கரிசல் காட்டு இலையிலிருந்து வருகிறது. கீல்வாதத்துக்கான கோல்சிசின், தசைப்பிடிப்புக்கான தயோகோல்சிகோசைடு இரண்டுக்கும் மூலம் செங்காந்தள் விதை. விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்பார்களே, அதே செடி, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. இருமல் மருந்தில் இருக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசினைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியது. அம்ப்ராக்சால் அந்த புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள். ஆடு தொடாத இலை என்று ஒதுக்கிய செடிக்கு இரண்டு தலைமுறை மருந்துகள்.

எனக்குப் பிடித்த கதை நித்தியகல்யாணியுடையது. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்று கனடாவுக்குத் தகவல் போனது. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அளவில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. 'தோல்வி' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். வெள்ளை அணு குறைகிறதென்றால் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று யோசித்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியே வந்தது, பின்னால் வின்கிறிஸ்டின் வந்தது. இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் தொழில் பெருமைக்காக. அபினிலிருந்து மார்ஃபினை முதலில் பிரித்த செர்ட்யூர்னர் ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்த இளைஞர். 1820-ல் சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த பெல்டியேயும் காவண்டூவும் பாரிஸ் மருந்தாளுநர்கள். இந்தத் துறை மருந்துக்கடையின் பின்கட்டில் பிறந்தது.

எங்கிருந்து தொடங்குவது? பாடப்புத்தகத்தில் நூற்றுக்கணக்கான செடிகள் இருக்கின்றனவே.

ஒரே ஒரு இலையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த வழியில் வரும். நான் எப்போதும் சென்னாவை எடுப்பேன். உலகம் முழுக்க மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று பெயர் பெற்ற இலை. டின்னவெல்லி என்றால் நம் திருநெல்வேலி. இன்றும் தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் மானாவாரியில் விளைந்து துறைமுகம் வழியே கப்பல் ஏறுகிறது.

முதலில் வெறும் கண். சிற்றிலை ஈட்டி வடிவம், அடிப்பாகத்தில் இரு பக்கமும் சற்றே ஒப்பில்லாமல் இருக்கும். இலையின் மேல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பேல் கட்டும்போது அழுத்தியதால் விழுந்த தடம். பிறகு நாக்கு. ஆசிரியர் சொன்னால் மட்டும், கொஞ்சமாக: வழவழப்பும் லேசான கசப்பும்.

பிறகு மைக்ரோஸ்கோப். இலையின் இரண்டு பக்கமும் பாலிசேடு அடுக்கு (நெருக்கமாக நிற்கும் நீளச் செல்கள்) இருக்கும். இலைத்துளையின் இருபுறமும் அதற்கு இணையாக இரண்டு துணைச்செல்கள், பாரசைட்டிக் வகை. ஒற்றைச் செல் ரோமங்கள், அவற்றின் சுவரில் சின்னச் சின்ன மருக்கள்.

இதற்கடுத்துத்தான் சுவையான இடம். எகிப்து, சூடான் பக்கத்திலிருந்து வரும் அலெக்சாண்டிரியா சென்னாவும் இதே போலத்தான் இருக்கும். பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்கவே முடியாது. எண்ண வேண்டும். ஒரு பரப்பில் உள்ள இலைத்துளைகளை, துளைகளும் மேல்தோல் செல்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது ஸ்டொமேட்டல் இண்டெக்ஸ். திருநெல்வேலி இலைக்கு அது 17 முதல் 20 வரை. அலெக்சாண்டிரியாவுக்கு 11.4 முதல் 13. நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது பாருங்கள். நரம்பிடைத் தீவுகளை, அதாவது மெல்லிய இலை நரம்புகளுக்கு நடுவே அடைபட்ட சின்னக் கட்டங்களை, எண்ணினாலும் அப்படித்தான்: நம்முடையது சதுர மில்லிமீட்டருக்கு 19.5 முதல் 22.5, அதற்கு 25-க்கு மேல். இலை சின்னதோ பெரியதோ, இண்டெக்ஸ் பெரிதாக மாறாது. முதல் முறை எண்ணும்போது கழுத்து வலிக்கும். எண் புத்தகத்தோடு ஒத்துப்போகும்போது வரும் சந்தோஷத்துக்கு அந்த வலி தகும்.

கடைசியில் வேதியியல். உள்ளே இருப்பது சென்னோசைடுகள், ஆந்த்ராக்வினோன் கிளைக்கோசைடு வகை, அதாவது சர்க்கரையோடு ஒட்டிய வேதிப்பொருள். வயிற்றில் இவை சும்மா இருக்கும். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பகுதியைக் கழற்றிய பிறகே வேலை தொடங்கும். அதனால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சென்னா மாத்திரையை ஏன் படுக்கும்போது போடச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? இலையில் தொடங்கி நோயாளியின் சீட்டுக்கு வந்துவிட்டோம்.

லத்தீன் பெயர்களை ஏன் மனப்பாடம் செய்யவேண்டும்? தமிழ்ப் பெயர் போதாதா?

தமிழ்ப் பெயர் வேண்டும், அது மட்டும் போதாது. மேலே சொன்ன சென்னாவையே எடுத்துக்கொள்வோம். நூல்களில் நிலவாகை, நிலாவாரை. தூத்துக்குடிப் பக்க விவசாயியும் வியாபாரியும் அதை அவுரி என்பார்கள். ஆனால் நூல்களில் அவுரி என்றால் நீலச்சாயம் எடுக்கும் இண்டிகோஃபெரா. முடிக்குச் சாயம் போட அவுரிப் பொடி வாங்கியவருக்கு மலமிளக்கி இலைப்பொடி கிடைத்தால் தலைக்கு ஆபத்தில்லை, சாயம்தான் பிடிக்காது. எதிர்ப்புறமாக நடந்தால்?

அசோகப்பட்டை இன்னொரு தலைவலி. மருந்துக்கு உரியது சராக்கா அசோகா. பள்ளிக்கூட வாசலில் ஊசிபோல நெட்டையாக நிற்கும் மரத்தையும் பலர் அசோகா மரம் என்கிறார்கள். அது நெட்டிலிங்கம், குடும்பமே வேறு. அதன் பட்டை அசோகப்பட்டையாகச் சந்தைக்கு வருவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கலப்படம். நானே ஒருமுறை வகுப்புக்காக ஒரு கடையில் 'நல்ல அசோகப்பட்டை' என்று வாங்கிவந்து, லேப்பில் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். அதன்பின் அந்தப் பட்டையை ஜாடியில் போட்டு கலப்பட மாதிரியாக வைத்துக்கொண்டேன்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை சேர்ந்த மாத்திரைகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் இருக்கவேண்டியது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. சீனப் பெயர் ஹான் ஃபாங் ஜி. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. அதன் சீனப் பெயர் குவாங் ஃபாங் ஜி. பெயரில் ஓர் அசை வித்தியாசம். இளம் பெண்களின் சிறுநீரகங்கள் சில மாதங்களில் செயலிழந்தன. 1993-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முதல் அறிக்கை வந்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோஸ்கோப்பில் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. எல்லாருக்கும் தெரிகிறதா?

பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் கோளாறு கண்ணில் இருக்காது, வெட்டில் இருக்கும். காய்ந்த இலையைச் சுடுநீரில் ஊறப்போடுங்கள். நடுநரம்போடு இரு பக்கமும் கொஞ்சம் இலைப்பரப்பு சேர்ந்த துண்டை உருளைக்கிழங்கு அல்லது கேரட்டின் பிளவில் செருகி, புது பிளேடால், ஈரமாகவே வெட்டுங்கள். இருபது வெட்டு வெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று வெட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பச்சைச் சுவர்தான் தெரியும்.

குளோரல் ஹைட்ரேட்டில் சூடாக்கினால் பச்சையமும் மாவும் கரைந்து வெட்டு கண்ணாடி போலாகும். மாவுச்சத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள், தேடுவதையே கரைத்துவிடுவீர்கள். மாவுக்கு அயோடின், நீலம். செல் சுவரைக் கட்டையாக்கும் லிக்னினுக்கு ஃப்ளோரோகுளூசினாலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், இளஞ்சிவப்பு. கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். கறுப்பு விளிம்போடு வட்டமாக, அழகாக, நடுவில் வெளிச்சத்தோடு ஒன்று தெரிந்தால் அது எண்ணெய்ச் செல் இல்லை. காற்றுக் குமிழி. அதை ரெக்கார்டில் வரைந்து பெயர் எழுதியவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு.

ரெக்கார்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்த படத்தில் எல்லாச் செல்லும் ஒழுங்காக இருக்கும். நீங்கள் பார்த்ததை வரைந்தால் கோணலாக இருக்கும். எனக்குக் கோணல் போதும்.

வேதிச் சோதனைகளை எப்படி நினைவில் வைப்பது?

பெயரோடு நிறத்தைக் கட்டிப்போடாமல், ஒரு பொருளோடு கட்டிப்போடுங்கள். சாப்போனின் என்றால் சீயக்காய், பூந்திக்கொட்டை, நுரை. டானின் என்றால் கடுக்காய், ஃபெரிக் குளோரைடு விட்டால் மை போல ஆகும். ஆந்த்ராக்வினோன் என்றால் சென்னா, அம்மோனியா அடுக்கு சிவக்கும், போர்ன்டிரேகர் சோதனை. ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள தாவர வேதிப்பொருள்) என்றால் நான்கு சோதனைக் கரைசல்கள்: மேயர் வெண்குழம்பு, டிராகன்டார்ஃப் ஆரஞ்சு, வாக்னர் செம்பழுப்பு, ஹேகர் மஞ்சள். காஃபீன் மட்டும் மேயருக்கு மசியாது, அதற்கு முரெக்சைடு சோதனை. வைவாவில் அந்த விதிவிலக்கைத்தான் கேட்பார்கள்.

'இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது' என்பது சரிதானே?

'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று சொன்னவர்கள் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இல்லை. எட்டி இயற்கையானது. உள்ளே ஸ்டிரிக்னின். செங்காந்தள் கிழங்கைத் தவறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் நம் பக்கத்திலும் இலங்கையிலும் உண்டு. அதே கோல்சிசின் அரை மில்லிகிராம் மாத்திரையாக மருந்து. நம் மருந்துச் சட்டத்திலேயே, 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களுக்கென்று ஷெட்யூல் ஈ ஒன்று என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. பழைய வைத்தியர்களும் இவற்றைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், தொடுவதில்லை.

நஞ்சு என்று பெயரெடுக்காதவையும் உண்டு. அதிமதுரம் தொண்டைக்கு இதம். மாதக்கணக்கில் நிறைய சாப்பிட்டால் அதிலுள்ள கிளிசரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மிளகில் உள்ள பிப்பரின் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். ரசத்துக்குப் பயப்பட வேண்டாம், செறிவூட்டிய மிளகுச் சாறு மாத்திரைக்கு யோசிக்கவேண்டும்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணமாக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?

ஒவ்வோர் ஆண்டும் வருகிற கேள்வி. நேராக ஆம், இல்லை சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

1988-ல் சென்னையில் தியாகராஜன் குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் காணாமல் போனது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏன்? சோதனை அமைப்பு, நோயாளிகள், கண்காணித்த காலம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. நம் பாடத்துக்கு உரிய கேள்வி இது: எல்லோரும் பயன்படுத்தியது ஒரே செடிதானா? மருந்துக்கு எடுப்பது பைலாந்தஸ் அமாரஸ். பல பழைய நூல்கள் அதை பைலாந்தஸ் நிரூரி என்று எழுதின, உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பிலேயே மேலாநெல்லி உட்பட நாலைந்து பங்காளிகள் முளைத்துக்கிடக்கின்றன. செடியே உறுதியில்லாதபோது முடிவு எப்படி உறுதியாகும்?

இன்னொன்று, மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயரே இல்லை, அறிகுறி. கிருமியாலும் வரும், பித்தக்கல்லாலும் வரும். கல் அடைத்துக் கிடக்கும்போது கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.

செடிகள் மட்டும்தானா? 'இயற்கைப் பொருள்' என்றால் வேறு என்ன?

தேன், தேன்மெழுகு, அரக்கு, ஜெலட்டின், கயோலின் களிமண், பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெபாரின் எல்லாம் இந்தப் பாடத்தில் வரும். எனக்குப் பிடித்தவை கடலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டிலிருந்தும் அகர். நோன்புக் காலத்தில் வெட்டிவைக்கும் கடல்பாசி இனிப்பும், மைக்ரோபயாலஜி லேப்பில் கிருமி வளர்க்கும் தட்டும் ஒரே பொருள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட், நெஞ்செரிச்சல் மருந்தில் மேலே மிதக்கும் படலம் அதுதான்.

கற்றாழையில் ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வழவழப்பான சோறு ஒன்று. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் வேறொன்று. அந்தப் பாலைக் காய்ச்சி உறையவைத்தால் மூசாம்பரம், கடும் பேதி மருந்து. வீட்டில் கற்றாழைச் சாறு போடுகிறவர்கள் மஞ்சள் நீரை வடியவிட்டு ஏழு முறை கழுவுவது அதற்காகத்தான்.

பயிற்சிக்கு எங்கே போகலாம்?

முதலில் சமையலறை. கிராம்பைத் தண்ணீரில் போடுங்கள், எண்ணெய் எடுக்காதது மூழ்கும் அல்லது தலை மேலே நிமிர்ந்து நிற்கும், எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் அதுவும் மிதந்து காட்டிக்கொடுக்கும். பட்டையை ஓரத்திலிருந்து பாருங்கள்: இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லிய பல அடுக்காக, இரு பக்கமிருந்தும் உள்சுருண்டு இருக்கும். கேசியா தடியாக ஒற்றையாகச் சுருண்டிருக்கும், நிறைய சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாத கூமரினும் அதிகம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது இரண்டாவதுதான்.

அடுத்து நாட்டு மருந்துக் கடை. கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், பத்து ரூபாய்க்காவது ஏதேனும் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். பெயர்களை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் கவுன்சிலின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. செடியை உறுதிப்படுத்த கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஹெர்பேரியமும் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்), திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் உண்டு. பூவோ காயோ இல்லாத கொப்பைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சரியாகத்தான் செய்கிறார்கள்.

இதைப் படித்தால் வேலை?

மூலிகைச் சாறு தயாரிக்கும் நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, ஏற்றுமதிக்கு முன்னான சோதனை, மருந்து ஆய்வகங்கள், ஆராய்ச்சி. மைக்ரோஸ்கோப்பில் பொடியைப் பார்த்து 'இது அது இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதற்குமேல் உறுதி எதுவும் தரமாட்டேன்.

முதல் நாள் லேப்புக்கு என்ன கொண்டுவரவேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், உறை பிரிக்காத பிளேடு ஒரு பாக்கெட், மெல்லிய தூரிகை, கூர்சீவிய பென்சில். அப்புறம் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்தோ பரணிலிருந்தோ காய்ந்த ஏதாவது ஒன்று, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெயர் எழுதாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவாருங்கள். எதிரே உட்காருபவர் அதைப் பிரித்துப் பார்த்து என்ன என்று சொல்லவேண்டும், எதை வைத்துச் சொன்னார் என்றும் சொல்லவேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான் வகுப்பு.